வானும் அப்பாவின் கையெழுத்தும்

மகன், நீ மேசையில் பிஸ்கட் டின்னுக்குக் கீழே வைத்துவிட்டுப் போன பேப்பர்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. அப்பா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் நீ பென்சிலால் போட்ட புள்ளடியும் அப்படியே இருக்கிறது. போனில் நீ கேட்கும்போதெல்லாம் "கேக்கிறன், கேக்கிறன்" என்று சொன்னேன். அம்மா வழக்கம்போல இழுத்தடிக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். இதைப் போனில் சொல்ல முடியாது. நம் வீட்டு அறைகளுக்கு நடுவே இருப்பது பலகைச் சுவர், நான் பேசுவது அப்பாவுக்குக் கேட்கும். அந்தப் பக்கத்தில் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று தொடங்கிவிட்டால் எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகும். அதனால்தான் புறக்கோட்டைக் கடையில் மத்தியான நேரங்களில் கல்லாவுக்குப் பின்னால் இருந்து இதை எழுதுகிறேன். கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்து முதலாளி பால் இல்லாத பிளேன்ரீ ஒன்று அனுப்பினார். நீ வாசித்து முடித்ததும் இதை ஷரோனிடமும் கொடு. கட்டப்போகிற பெண்ணுக்குத் தெரியாமல் வைக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அவள் வீட்டாரிடம் அப்பாவுக்கு பிரஷர் என்று நீ சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் யாருக்குத்தான் பிரஷர் இல்லை.

வான் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். அப்பா புத்தி தடுமாறி ஒரு வானை லீசிங்கில் எடுத்தார், அம்மா கண்ணை மூடிக்கொண்டு பிணை நின்றாள், அவ்வளவுதான் உனக்குத் தெரிந்தது. நான் கண்ணை மூடவில்லை. அதற்கு முந்தின மாதங்களை நினைத்துப் பார். வாஃப் கிளாக் என்று துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் பத்திரங்களோடு ஓடித்திரிந்த மனுஷன் கட்டிலைவிட்டு எழும்பாமல் கிடந்தார். குளிக்கச் சொன்னால் அழுவார். வேலையும் போனது. நீ டியூஷன் என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவாய். உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கும் ஒரு டியூஷன் இருந்திருந்தால் போயிருப்பேன். பிறகு ஒரு காலை நான் எழும்பிப் பார்க்கிறேன், சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டோடு, பேக்கரியில் சீனி தூவிய கிம்புலா பணிஸ் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். என்னை "மகாராணி" என்று கூப்பிட்டார். கல்யாணம் முடித்த புதிதில் கூப்பிட்ட பெயர் அது. அன்றைக்கே போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். சுகம் வந்துவிட்டது என்று நம்பினேன். அதுவும் அதே நோய்தான், அதே வருத்தத்தின் மற்றப் பக்கம்தான் என்று சொல்ல அப்போது யாரும் இருக்கவில்லை. படுத்துக் கிடந்தால் வருத்தம் என்று எல்லாரும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டு பணிஸ் வாங்கி வருகிறவரை யார் வருத்தக்காரர் என்பார்கள்?

அந்தச் சிரிப்போடுதான் லீசிங் கொம்பனி உத்தியோகத்தரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். டை கட்டிய மனுஷர், எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான், ஞாயிறு பூசையில் முகம் கண்டிருக்கிறேன். நான் ரீ போட்டுக் கொடுத்தேன். அப்பா வாய் ஓயாமல் கதைத்தார். எயார்போட் ஹயர், மடு மாதா கோயில் யாத்திரை, கல்யாண ஓட்டம், இந்த வருஷம் ஒரு வான், அடுத்த வருஷம் மூன்று வான், அதற்கடுத்த வருஷம் வத்தளையில் பெயர்ப்பலகை போட்ட ஒரு கந்தோர். உத்தியோகத்தருக்கு அப்பாவைப் பிடித்துப்போய்விட்டது. "அங்கிள் மாதிரி ஆக்கள்தான் அன்ரி பிஸ்னஸுக்குச் சரி" என்றார். பேப்பர்களை விரித்ததும் அப்பா ஒரு வரிகூட வாசிக்கவில்லை. சுங்கப் பத்திரத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் பிடித்துவிடுகிற மனுஷன், பேனையை எடுத்து, "எங்க போடவேணும்?" என்று மட்டும் கேட்டார். காட்டிய இடமெல்லாம் போட்டார். பிணைக்கு நானும் அவரோடு வாஃபில் வேலை செய்த ஒருவரும் போட்டோம். அவர் இப்போது கனடாவில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார், பிணை என்று பிடிக்க நான் ஒருத்திதான் மிச்சம். என்னத்துக்குப் போட்டாய் என்று நீ என்னைப் பலமுறை கேட்டிருக்கிறாய். அந்தச் சிரிப்பை நான் மாதக்கணக்காகக் காணவில்லை, மகன். அது நிற்கவேண்டும் என்று போட்டேன்.

கொஞ்சக் காலம் நன்றாகத்தான் ஓடியது. மடுத் திருவிழாவுக்கு நாங்களே ஏறிப்போனோம், நீ முன் சீட்டில் இருந்து பாட்டு மாற்றிக்கொண்டே வந்தாய். பிறகு நாட்டில் எண்ணெய் இல்லாமல் போனது. டீசல் லைனில் நின்று நின்று, ஹயர் ஒன்றும் இல்லாமல், அப்பா மறுபடி இறங்கத் தொடங்கினார். அந்த முறைதான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன், அங்கேதான் டொக்டர் அதற்குப் பெயர் சொன்னார். பைபோலர். நாங்கள் வீட்டில் "ஏறியிருக்கிறார்", "இறங்கியிருக்கிறார்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அப்பா ஏறுவார், இறங்குவார். லீசிங் திகதி மட்டும் ஏறாது, இறங்காது. ஒவ்வொரு மாதமும் அது வந்து வாசலில் நிற்கும்.

இரண்டு மூன்று கட்டுப்பணம் பிந்தியதும் நான் கடையில் லீவு போட்டுக்கொண்டு அந்தக் கொம்பனிக்குப் போனேன். உனக்கு இதைச் சொல்லவில்லை. கிளினிக்கில் தந்த கடிதத்தைக் காட்டினால் இரக்கப்படுவார்கள், கொஞ்சக் காலம் தவணை தருவார்கள் என்று நினைத்தேன். அதே உத்தியோகத்தர்தான். கடிதத்தை வாசித்துவிட்டு மெதுவாக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். "அன்ரி, இதை ஃபைலில போட்டா, வருத்தக்காரர் கையில வாகனம் இருக்கக்கூடாதெண்டு மேல இருந்து உடனே எடுக்கச் சொல்லுவினம். எடுத்து ஏலத்தில போட்டா அரை விலைதான் போகும். மிச்சத்தை உங்களிட்டத்தான் கேப்பினம். நீங்கள் இதைக் காட்டேல்ல, நான் பாக்கேல்ல." நல்ல மனுஷன்தான், நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஆனால் படியில் இறங்கும்போது ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருத்தம் என்று சொன்னால் வான் போகும், கடன் நிற்கும். சொல்லாவிட்டால், வேண்டுமென்றே கட்டாத கள்ளர் என்று எண்ணுவார்கள். விற்கலாம் என்றால் அப்பாவின் கையெழுத்து வேண்டும். விட்டுவிட்டுப் போகலாம் என்றால் என் கையெழுத்து அங்கே கிடக்கிறது. அன்றைக்குப் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் வானை வத்தளையில் உன் பெரியம்மா வீட்டு வளவில் தறப்பாள் போட்டு மூடி வைத்தோம். நீ அப்போது வெள்ளவத்தையில் அறை எடுத்துப் போய்விட்டாய். வாகனம் தூக்குகிறவர்கள் வீட்டுக்கு வந்து, "அக்கே, வான் எக்க கோ?" என்று சிங்களத்தில் கேட்பார்கள். வான் எங்கே என்று எனக்கும் தெரியாத மாதிரி நிற்பேன். அந்த நேரம் பார்த்து அப்பா ஏறினார். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆசீர்வாதம் பண்ணின வான் இத்தனை செவ்வாய் நவநாளுக்கு அந்தோனியாரிடம் போகாமல் நிற்கிறது, அதனால்தான் எல்லாக் கஷ்டமும் என்று தொடங்கினார். "கடன்காரனுக்கு ஒளிக்கலாம், அந்தோனியாருக்கு ஒளிக்கலாமோ?" என்று கேட்டார். நானும் வத்தளைக்குப் போய் அவரோடு வானில் ஏறிக் கோயிலுக்குப் போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கொட்டாஞ்சேனை ஆட்கள் வானை எங்கே ஒளித்தாலும் செவ்வாய்க்கிழமை அது எங்கே வந்து நிற்கும் என்று, எங்கள் பங்கிலேயே இருக்கிற அந்த உத்தியோகத்தருக்குத் தெரியாதா?

நவநாள் முடிந்து வெளியே வந்தால், வானின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். அப்பாவுக்குப் பயம் என்பதே இல்லை. "வாங்க மல்லி" என்று தம்பியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, கையில் இருந்த கடலையை அவர்களுக்கு நீட்டினார். ஒருவனுடைய போன் நம்பரை வாங்கி, அடுத்த வருஷம் உனக்கு டிரைவர் வேலை என்று வாக்குக் கொடுத்தார். அவர்கள் சிரித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் ஓட்டோ பிடித்துச் செட்டியார் தெருவுக்குப் போனேன். வளையல்கள் சவர்க்காரம் இல்லாமல் கழலவில்லை, அடகுக் கடைக்காரர்தான் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். உனக்கு வரப்போகிற பெண்ணுக்கு என்று வைத்திருந்த வளையல்கள் அவை. அந்தக் காசைக் கட்டித்தான் அன்றைக்கு வான் தப்பியது. அன்றைக்கு நான் அந்தோனியாரோடும் கோபம், அப்பாவோடும் கோபம். அடுத்த மாதம் அப்பா மறுபடி கட்டிலில் விழுந்தார். வளையல் எங்கே என்று இன்றுவரை கேட்கவில்லை.

இதெல்லாம் தெரியாமல்தான் நீ அந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பர்களோடு வந்தாய் என்று சொல்லமாட்டேன், பாதி உனக்குத் தெரியும். வானை எடுக்க ஆள் என்று மாளிகாவத்தை முஸ்லிம் நானாவை நீதான் பிடித்துக் கொடுத்தாய். பிந்திய பணத்தையெல்லாம் கட்டி, மிச்ச லீசிங்கைத் தன் பெயருக்கு மாற்றி வானை எடுக்கிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். என் பிணையும் அதோடு கழன்றுவிடும். அப்பா அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் நீ வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அம்மா, இப்பத்தான் கேக்கவேணும். இப்ப எதைக் குடுத்தாலும் அப்பா சைன் பண்ணுவார். ஏறினாப் பிறகு தலைகீழா நிண்டாலும் நடக்காது. கல்யாணத்தண்டைக்குக் கோயில் வாசலில சீஸ் பண்ணுறவங்கள் வந்து நிண்டா ஷரோன்ட ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது?" நீ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த நாளே பேப்பரைக் கொண்டுபோனேன். கேட்கவில்லை என்று நினைக்காதே. கட்டிலில் எழுப்பி இருத்தி, தலையணையை முதுகுக்கு வைத்து, மடியில் ஒரு தட்டத்தைக் கவிழ்த்து அதன்மேல் பேப்பரை வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனையை வாங்கிக்கொண்டு, "எங்க போடவேணும்?" என்று கேட்டார்.

அதே சொல், மகன். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு கேட்டார், இந்த முறை உயிர் இல்லாமல் கேட்டார். அன்றைக்கு அந்த உத்தியோகத்தர் இடத்தைக் காட்டினார், இந்த முறை நான் காட்டவேண்டும். வருத்தக்காரனிடம் கையெழுத்து வாங்கிவிட்டான் என்று அந்த மனுஷரை எத்தனை தரம் திட்டியிருப்பேன். நான் பேப்பரை இழுத்துக்கொண்டேன். "தண்ணி பில், பிறகு பாப்பம்" என்றேன். தண்ணீர் பில்லுக்கு யாராவது கையெழுத்துப் போடுவார்களா? அவர் அதையும் கேட்கவில்லை, படுத்துவிட்டார். என்னைப் பெரிய நீதவான் என்று நினைத்துவிடாதே. குசினியில் போய் நின்று, போட வைத்திருக்கலாமே, எல்லாம் முடிந்திருக்குமே என்று என்னையே நொந்துகொண்டேன். சில நாட்களில் அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பஸ்ஸில் வேறு பெண்களின் புருஷன்மார் பை தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். "விட்டிட்டு என்னோட வாங்கோ அம்மா" என்று நீ கேட்டபோது நான் உன்னோடு சண்டை பிடித்தேன். அந்த யோசனை எனக்கு உன்னைவிட முதலே வந்திருந்தது, அதனால்தான் அவ்வளவு கோபம்.

நான் காத்திருந்தேன். மருந்தை என் கையாலேயே கொடுத்தேன், கிளினிக்குக்கு இரத்தம் சோதிக்கக் கூட்டிப்போனேன். மெல்ல மெல்ல எழும்பினார். ஒருநாள் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். இன்னொரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப் பெருக்கும் சத்தம் கூடிப்போச்சு என்று சாதாரணமாக எரிந்து விழுந்தார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நடுவில் நின்றார். அந்த மனுஷனைத்தான் நான் கட்டினேன். அந்த வாரம் ஒரு பின்னேரம் பேப்பரை மறுபடி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நானாவைப் பற்றி, பிந்திய பணத்தைப் பற்றி, வளையலைத் தவிர எல்லாவற்றையும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்து வாசித்தார். வானின் அடிச்சட்டத்தில் குத்திய செசி நம்பரில் ஒரு இலக்கம் பிழை என்று கண்டுபிடித்தார். கம்பியூட்டர் படித்த நீ தட்டிக் கொண்டுவந்ததுதான், மகன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு பேப்பரை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "குடுப்பம். எனக்கு விளங்குது, இதை வச்சிருக்கேலாது. ஆனா மகன்ட கல்யாணம் முடியட்டும். அவனைக் கோயிலுக்கு நான் ஓட்டிக்கொண்டு போறன். அடுத்த நாள் சைன் வைக்கிறன்." நான் விடவில்லை. அவ்வளவு காலம் அந்த ஆள் நிற்கமாட்டார், வட்டி ஏறுது, கொம்பனிக்காரர் தேடுகிறார்கள் என்று கத்தினேன். அகப்பையும் என் கையில் இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "ஏறியிருக்கேக்கை எடுத்த வான். இறங்கிக் கிடக்கேக்கை அதை வச்சுத்தான் எல்லாரும் எனக்குப் பேசினவை. சரியா இருக்கேக்கை ஒருநாளாவது அதை ஓட்டிப் பாக்கவேணும். வேற ஒண்டும் கேக்கேல்ல" என்றார்.

இப்போது நான் என்ன செய்வது, சொல். அவருக்குச் சரியான புத்தி வரட்டும் என்று நான்தான் காத்திருந்தேன். வந்த புத்தி இதைச் சொல்கிறது. எனக்குப் பிடித்ததைச் சொல்லியிருந்தால் மட்டும் அதைச் சரியான புத்தி என்று எடுத்துக்கொள்வேனா? நானாவுக்குப் போன் பண்ணினேன். "அக்கா, வான் நல்லா தான் ஈக்கிது. ஆனா எனக்கு நோம்புக்கு முந்தி ஒண்டு எடுக்கோணும், சொணங்கேலா. அது வரைக்கும் வேற ஒண்டும் அம்படல்லண்டா உங்களுக்கிட்டயே வாரன்" என்றார். அதுவரை வேறு வான் கிடைக்காவிட்டால் அவர் வரலாம், கிடைத்தால் வராமலும் போகலாம். கல்யாணம், சாப்பாடு, சொந்தக்காரர், நித்திரையில்லாத நாட்கள், இவைதான் அப்பாவை ஏற்றிவிடக்கூடிய சாமான்கள் என்று டொக்டர் எச்சரித்தும் இருக்கிறார். மருந்து பிசகாமல் இருந்தால் வான் ஓட்டலாம், கல்யாணத்தன்று காலையில் ஒருமுறை தன்னிடம் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். கல்யாணத்துக்குள் அப்பா ஏறிவிட்டால் கையெழுத்தும் இல்லை, ஆளும் இல்லை. கட்டுப்பணம் மறுபடி பிந்திவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குச் சுவர்தான்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும், அதைக் கேட்டுக்கொள். எனக்குப் பதிலாக நீ பிணை நிற்கலாம் என்று அந்த உத்தியோகத்தர் உனக்கு போன் எடுத்திருக்கிறார் என்று அறிந்தேன். போடாதே. என்னில் அன்பு என்று நினைத்துப் போடாதே. என்னைப்போல நீயும் உள்ளே வந்துவிட்டால், வெளியே இருந்து எனக்குக் கை கொடுக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஷரோன், உனக்கும் சொல்கிறேன் பிள்ளை. இந்த வருத்தம் இரத்தத்தில் வரலாம், வராமலும் விடலாம், டொக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்று நினைத்தால் இப்போதே சொல், நான் உன்னைக் குறை நினைக்கமாட்டேன். வருகிறேன் என்றால் ஒரு பழக்கத்தை முதல் மாதத்திலேயே பழகுங்கள். பெரிய சந்தோஷத்தில் இருக்கும் நாளிலும் பெரிய துக்கத்தில் இருக்கும் நாளிலும் எந்தப் பேப்பரையும் விரிக்கவேண்டாம். சோறு கறி சரியில்லை என்று சும்மா குறை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு நாள் வரும், அன்றைக்கு விரியுங்கள்.

கல்யாணத்தன்று நீ காருக்குச் சொல்லியிருக்கிறாய் என்று தெரியும். அதை ஷரோனுக்கு விட்டுவிடு. நீ எங்களோடு வானில் வா. அன்று காலை டொக்டர் சரி என்று சொன்னால்தான் நான் சாவியைக் கொடுப்பேன், இல்லாவிட்டால் நீ சொல்லிவைத்த காரிலேயே போ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சரி என்றால் நீ முன் சீட்டில் இரு, நான் மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பின்னால் இருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக் கோயில்வரை அப்பா ஓட்டட்டும். வழியில் எங்காவது கொம்பனி ஆட்கள் மறித்தால் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இறங்குவோம், சண்டை பிடிக்கவேண்டாம். காலி வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. கோட் சூட்டோடு பஸ்ஸில் போய் இறங்கிய மாப்பிள்ளை என்று வெள்ளவத்தை முழுக்க உன்னைக் கதைக்கட்டும். மூன்று பேருக்கும் டிக்கட்டை அப்பாவே எடுக்கட்டும்.